நெறிக்கட்டியும் நீண்ட பாதையும்

மலைநாட்டுத் தோட்டங்களில் 'நெறி கட்டியிருக்கிறது' என்னும் பேச்சை அறியாதார் எவருமிலர். கொழுந்து பறிக்கும் கைக்குக் கவாத்து வெட்டிய செடியின் முனையும், புல்லின் கூர்மையும், அட்டைக் கடியும் அன்றாட விருந்தாளிகள். விரலில் பட்ட கீறல் சீழ் வைத்தால் மறுநாளே அக்குளில் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு எழும், தொட்டால் நோகும். புண் ஆறியதும் முடிச்சும் கரைந்து விடும். தலைமுறை தலைமுறையாகக் கண்ட அநுபவம் இது. ஆகவே அக்குளில் ஒரு கட்டி கண்டால் நமது தோட்டப் பெண்கள் அஞ்சுவதில்லை. மலையேறும் நேரத்தில் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதுமில்லை. வேறு பல விஷயங்களில் போற்றத்தக்க இந்த அஞ்சாமை, இந்த ஒரு விஷயத்தில் உயிருக்கு உலை வைக்கின்றது.

நெறிக்கட்டியில் இரு சாதி உண்டு. கையிலே புண், அக்குளிலே நோவுள்ள மெத்தென்ற கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் மறைவு என்பது ஒரு சாதி. கையிலே புண்ணில்லை, கட்டியோ கல்லைப் போல் கடினம், நோவே இல்லை, நாளுக்கு நாள் தங்கி நிற்கிறது என்பது மற்றது. இந்த இரண்டாவதுடன் மார்பிலும் ஒரு கட்டி தட்டுப்பட்டால், அல்லது மார்பின் தோல் உள்ளிழுக்கப்பட்டால், காம்பு உட்புறம் திரும்பினால், அதிலிருந்து இரத்தம் கசிந்தால், அப்பெண் மறுநாளே வைத்தியரைக் காண வேண்டியவள். 'நோகாத கட்டி நல்ல கட்டி' என்று சொல்லி வருகிறோமே, அந்த நம்பிக்கை இங்கே தலைகீழாகி விடுகிறது. நோகாத கட்டியெல்லாம் புற்றுநோய் என்று நாம் பயமுறுத்தவில்லை; காசநோயாலும் அக்குளில் கட்டி வருவதுண்டு. எதுவாயினும் மூன்று வாரம் தாண்டியும் நிற்கும் கட்டியைப் பயிற்சி பெற்ற ஒருவர் தொட்டுப் பார்த்தேயாக வேண்டும்.

இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது மார்புப் புற்றுநோயே. இந்நோய் வந்த ஒருத்தி எத்தனை காலம் வாழ்வாள் என்பதைக் கணிக்க வைத்தியர்கள் பல அளவுகோல்களைக் கொண்டுள்ளனர். கட்டியின் பருமன் ஒன்று; உயிரணுவின் சுபாவம் மற்றொன்று; ஹார்மோனுக்குக் கட்டுப்படும் கட்டியா அல்லவா என்பது இன்னொன்று. இவற்றுள் மிகப் பழைமையானதும் இன்றளவும் கைவிடப்படாததும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களின் நிலைமையாகும். நாம் நெறிக்கட்டி என்று சொல்வது வீங்கிய நிணநீர்க் கணுவையன்றி வேறன்று.

தேயிலை மலையை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. மழைத்தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடாதிருக்க மலைச்சரிவில் கான் வெட்டுகிறோம். கானின் இடையிடையே குழி எடுத்து, வண்டல் அங்கே படியும்படி செய்கிறோம். நமது உடலிலும் இரத்தக் குழாய்களைத் தவிர நிணநீர் ஓடும் மெல்லிய கான்கள் உள்ளன. மார்பிலிருந்து வடியும் நிணநீரின் பெரும்பகுதி அக்குளை நோக்கி ஓடுகின்றது. அங்கே இருபது முப்பது கணுக்கள் வண்டற்குழிகளைப் போல் அமர்ந்து, வரும் நீரை வடிகட்டுகின்றன. மார்பிலுள்ள புற்றணு கட்டியை விட்டுப் பிரிந்து புறப்படுமானால், அது பெரும்பாலும் முதலில் அகப்படும் இடம் இக்குழிகளே. குழியில் வண்டல் இல்லையேல் மேலே மண் கரையவில்லை என்று கொள்ளலாம். வண்டல் நிறைந்திருந்தால், மண் கரைந்து நெடுந்தூரம் போயிருக்கவும் கூடும்.

இந்த உண்மையை உலகம் ஒரே நாளில் கண்டறிந்து விடவில்லை. உடலின் கரும்பித்தமே புற்றுக்குக் காரணம் என்று பல நூற்றாண்டுகள் நம்பியிருந்த ஐரோப்பாவில், 1757ஆம் ஆண்டளவில் லெ திரான் என்னும் பிரெஞ்சு இரணவைத்தியர், நோய் மார்பிலே தொடங்கி நிணநீர் வழியே கணுக்களுக்குச் செல்கிறது என்றார். 1882இல் அமெரிக்கரான வில்லியம் ஹால்ஸ்டெட் இதனையே அடிப்படையாகக் கொண்டு, மார்பையும் அதன் அடியிலுள்ள தசையையும் அக்குளின் கணுக்கள் அனைத்தையும் ஒருசேர அகற்றும் பெருஞ்சத்திர சிகிச்சையைத் தொடங்கினார். நோய் படிப்படியாக அடியெடுத்து வைக்கிறது. கணு ஒரு மதில். மதிலோடு சேர்த்து வெட்டியெறிந்தால் பகைவன் ஒழிந்தான் என்பது அவரது சித்தாந்தம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உலகமெங்கும் பெண்கள் அந்தச் சித்தாந்தத்தின் கத்திக்குத் தங்கள் உடலைக் கொடுத்தனர்.

அதை அசைத்தவர் பெர்னார்ட் ஃபிஷர். 1971இல் அவர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சியில் 1,600க்கு மேற்பட்ட பெண்கள் சேர்க்கப்பட்டனர். அக்குளில் கைக்குக் கட்டி எதுவும் தட்டுப்படாத பெண்களுள் ஒரு சாராருக்குக் கணுக்கள் முழுவதும் அகற்றப்பட்டன. மற்றொரு சாராருக்கு அவை தொடப்படவேயில்லை. அகற்றிச் சோதித்தவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேரின் கணுக்களில் நோய் ஒளிந்திருந்தது. எனவே தொடப்படாத சாராரிலும் அத்தனை பேருக்கு நோய் உள்ளே இருந்திருக்கும் அன்றோ? ஹால்ஸ்டெட் சொன்னது மெய்யானால் அவர்கள் கூட்டங்கூட்டமாக மாண்டிருக்க வேண்டும். 25 ஆண்டுகள் பொறுத்திருந்து 2002இல் வெளியிட்ட கணக்கில் இரு சாராரின் ஆயுளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே கணு மதிலன்று. அது ஒரு சாட்சி. வண்டற்குழியைச் சுத்தம் செய்வதால் மேலேயுள்ள மண்சரிவு நின்று விடாது. ஆனால் குழியைப் பார்த்துத்தான் மண்சரிவின் கடுமையை நாம் அறிகிறோம். மருத்துவ நூல்கள் பல பக்கங்களில் சொல்வதன் சாரம் இவ்வளவே. கங்காணிக்கும் தெரிந்த விஷயந்தான்!

இனிக் கணக்குக்கு வருவோம். 1989இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 24,740 பெண்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தது. கட்டி இரண்டு சென்றிமீற்றருக்குக் குறைவாகவும் கணுக்கள் தூய்மையாகவும் இருந்தவர்களுள் ஐந்தாண்டு கழிந்தும் உயிரோடிருந்தவர் நூற்றுக்கு 96.3 பேர். கட்டி ஐந்து சென்றிமீற்றரை எட்டி, கணுக்களிலும் நோய் பரவியிருந்தவர்களுள் அவ்வாறு வாழ்ந்தவர் 45.5 பேர். கட்டி வளர வளர ஆயுள் குறைந்தது. கணுவில் நோய் கூடக் கூடவும் ஆயுள் குறைந்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையாயினும், கணு தனித்து நின்றும் சாட்சி சொல்லிற்று. எத்தனை கணு என்பதும் முக்கியம். ஒன்று முதல் மூன்று வரை ஒரு படி. நான்கு முதல் ஒன்பது வரை அடுத்த படி. பத்தும் அதற்கு மேலும் கடைசிப் படி. இன்றும் வைத்தியர்கள் நோயின் கட்டத்தை வகுப்பது இந்த எண்ணிக்கையைக் கொண்டே.

ஆனால் இந்த எண்ணை ஜாதகக் கட்டமென எண்ணுதல் பெரும் பிழை. மேற்சொன்ன 45.5 என்பது பழைய மருந்துக் காலத்துப் பெண்களின் கணக்கு. இத்தாலியின் மிலான் நகரத்து ஜியானி பொனடோன்னா, கணுவில் நோய் கண்ட பெண்களுக்குச் சத்திர சிகிச்சையின் பின் மூன்று மருந்துகளைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 1976இல் வெளியிட்டார். இரண்டேகால் ஆண்டில் மருந்து பெறாதவர்களுள் நூற்றுக்கு 24 பேருக்கு நோய் திரும்பியது. மருந்து பெற்றவர்களுள் 5.3 பேருக்கே திரும்பியது. இருபதாண்டு கழித்து அவர்களைக் கணக்கெடுத்தபோதும் மருந்தின் பயன் அழியவில்லை. அதன் பின் தமொக்சிபன் என்னும் சிறு வில்லை வந்தது. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் கட்டியுடையவர்கள் அதை ஐந்தாண்டு தவறாது விழுங்கினால் இந்நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைகின்றது. 2005க்குப் பின் குறிப்பிட்ட ஒரு வகைக் கட்டிக்கு டிராஸ்டுசுமாப் என்னும் ஊசிமருந்தும் பெருந்துணையாயிற்று. இன்று அமெரிக்கக் கணக்கில், நோய் மார்பை விட்டு வெளியேறாதவர்களுள் ஐந்தாண்டு தப்பிப் பிழைப்போர் நூற்றுக்கு 99. அக்குள் வரை சென்றவர்களுள் ஏறக்குறைய 87. ஈரலுக்கோ எலும்புக்கோ சென்று விட்டால் ஏறத்தாழ 30தான். ஆகவே கணுவில் நோய் என்று கேட்டவுடன் ஒப்பாரி வைத்துச் சாமானைக் கட்டுவோரும் தவறுகின்றனர். கணு தூய்மை என்று கேட்டவுடன் மருந்தை நிறுத்தி விடுவோரும் தவறுகின்றனர்.

எனினும் அமெரிக்காவின் 87ஐ டயகமவின் 87 என்று நாம் எழுதிவிட முடியுமா? அங்கேதான் நமது வழக்கு தொடங்குகிறது.

ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில், ஆக்ரா ஓயாவின் தலைமாட்டில், பாதை முடிகின்ற இடத்தில் கிடக்கிறது டயகம. அதற்கப்பால் காடு. அங்கே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு மார்பிலே கட்டி என்றால் அவள் போக வேண்டிய வழியை எண்ணிப் பாருங்கள். தோட்டத்து மருந்துச்சாலை, அடுத்து டயகமவிலோ அக்கரப்பத்தனையிலோ உள்ள சிறு வைத்தியசாலை, லிந்துலை, தலவாக்கலை கடந்து நுவரெலியா, ஊசியால் குத்தியெடுத்த அணுவின் சோதனைக்கு ஒரு நாள், முடிவு பெற இன்னொரு நாள், கதிர் சிகிச்சைக்குக் கண்டிக்கோ மகரகமவுக்கோ பயணம். கதிர் சிகிச்சை என்பது ஒரு நாளில் முடிவதன்று. வாரக்கணக்கில் நாள்தோறும் செல்ல வேண்டியது. தங்குவதற்கு இடம்? துணைக்கு வரும் கணவனின் நாட்சம்பளம்? வீட்டில் விட்டு வந்த பிள்ளைகள்? அவள் மலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் செக்றோலில் பேர் விழாத நாள். அரைப்பேர் கிடைத்தாலே அடுப்பெரியும் வீட்டில், ஆறு தடவை நகருக்குப் போய் வருவதென்பது ஒரு மாதச் சோற்றில் கைவைப்பதாகும். இவ்வாறிருக்க, 'பெண்கள் அறியாமையால் தாமதிக்கிறார்கள்' என்று நகரத்து மேடைகளில் பேசப்படும் போது நமக்குச் சிரிப்பதா சினப்பதா என்று விளங்குவதில்லை. ஒக்டோபர் மாதம் தோறும் இளஞ்சிவப்பு நாடா குத்திக்கொள்ளும் கனவான்கள், ஒரு தடவை டயகமவிலிருந்து பஸ் ஏறிக் கண்டி வரை சென்று மாலைக்குள் திரும்பிப் பார்க்கட்டும்.

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கணுவில் நோய் இருப்பதெல்லாம் தாமதத்தின் விளைவன்று. சில கட்டிகள் மிளகளவில் இருக்கும் போதே கணுவுக்குத் தாவி விடுகின்றன. சில எலுமிச்சை அளவாகியும் தாவுவதில்லை. கட்டியின் சுபாவம் அது. ஆகவே கணுவில் நோய் கண்ட பெண்ணைப் பார்த்து, 'ஏன் முன்னமே வரவில்லை?' என்று எரிந்து விழுவது அறிவீனம், அநீதியுங்கூட. நாம் சொல்வது வேறு. ஒருத்தியின் கட்டி எப்படிப்பட்டது என்பது அவள் கையிலும் இல்லை, அரசாங்கத்தின் கையிலும் இல்லை. அது வளர்வதற்கு எத்தனை மாதம் விட்டு வைக்கிறோம் என்பது மட்டும் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது.

தோட்டத்து வைத்தியத்தின் சரித்திரம் நம்மவர்க்குத் தெரியாததன்று. 1912இல் வெள்ளையர் ஆட்சியில் இயற்றிய வைத்தியத் தேவைகள் சட்டம் தோட்டக்காரரின் நோயைத் தோட்டத்தின் பொறுப்பாக்கியது. ஆள் படுத்தால் கொழுந்து கிடக்கும் என்ற கவலையே அதன் தாய். 1948இல் நம்மவரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குத் திரும்பிற்று. தொண்ணூறுகளில் தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. தொடங்கிற்று என்றுதான் எழுதுகிறோம். கிராமத்துப் பெண்ணுக்கு உரிமையாகக் கிடைக்கும் சுகாதார சேவை, தோட்டத்துப் பெண்ணுக்கு இன்றும் பாதி கம்பனியின் தயவாகவும் பாதி அரசாங்கத்தின் தயவாகவும் இருக்கிறது. இரண்டு தயவுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் விழுந்தவர்களை எண்ணியவர் யார்?

சத்திர சிகிச்சையின் பின் வரும் ஒரு துன்பம் தோட்டத்துப் பெண்ணுக்கே விசேஷமாக உரியது. அதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. அக்குளின் கணுக்களை முழுவதுமாக அகற்றினால் கையிலிருந்து வடிய வேண்டிய நிணநீர் வழியின்றித் தேங்கும். கை வீங்கும். இவ்வாறு கணு அகற்றிய பெண்களில் ஐவருள் ஒருவருக்கு இது நேர்கிறது என்று 2013இல் பல ஆய்வுகளைத் திரட்டிய கட்டுரையொன்று கூறுகின்றது. காரியாலயத்தில் இருந்து எழுதுபவளுக்கு வீங்கிய கை ஒரு தொல்லை. இரு கைகளாலும் கொழுந்து பறித்து, நாளொன்றுக்குப் பதினெட்டுக் கிலோ என்று நிறுவையில் காட்ட வேண்டியவளுக்கு அது பிழைப்பின் முடிவு. அதுவுமன்றி, வீங்கிய கையில் ஒரு கீறல் பட்டால் நஞ்சேறிக் காய்ச்சல் கண்டு வீக்கம் இன்னும் பெருகும். அட்டையும் கவாத்துக் கட்டையும் நிறைந்த மலையிலே கீறல் படாமல் வேலை செய்வதெப்படி? நோயிலிருந்து உயிரைக் காத்தோம் என்று வைத்தியசாலை கணக்கை மூடுகின்ற அந்த நாளிலேயே, அவளுடைய சம்பளக் கணக்கும் மூடப்பட்டு விடுகிறது.

இதற்குப் பரிகாரம் இல்லாமற் போகவில்லை. எல்லாக் கணுவையும் அகற்றாமல், மார்பிலிருந்து வரும் நிணநீர் முதன்முதல் சேரும் கணுவை மட்டும் நீலச் சாயத்தாலோ கதிரியக்கப் பொருளாலோ அடையாளங் கண்டு எடுத்துச் சோதிக்கும் முறை 1990களில் மார்புப் புற்றுநோய்க்கு வந்தது. அதனைக் காவற்கணு எனலாம். காவற்காரன் தூய்மையானால் உள்ளேயிருப்போரையும் தூயவர் என்று நம்பி விட்டு விடுகிறார்கள். இம்முறையில் கை வீங்குவோர் ஏறத்தாழ இருபதில் ஒருவர் மட்டுமே. 2011இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இன்னும் ஒருபடி சென்றது. கட்டியை மட்டும் அகற்றி மார்பைக் காத்து, கதிர் சிகிச்சையும் மருந்தும் பெறும் பெண்களுக்கு, காவற்கணு ஒன்றிரண்டில் நோய் இருந்தாலும் மற்றக் கணுக்களை அகற்ற வேண்டியதில்லை. ஆயுள் குறையவில்லை என்று அது காட்டிற்று. ஆனால் இந்தச் சலுகையெல்லாம் கட்டி சிறிதாயிருக்கும் போது, அக்குளில் கைக்கு எதுவும் தட்டுப்படாதிருக்கும் போது வருகிறவளுக்கு உரியவை. அக்குளில் கொத்துக் கொத்தாகக் கட்டி கண்ட பின் வருகிறவளுக்குப் பெரும்பாலும் பழைய கத்திதான். முன்னே வந்தால் உயிரும் கையும் மிஞ்சும். பின்னே வந்தால் உயிர் மிஞ்சினாலும் கை மிஞ்சுவது ஐயம். ஏழைக்கே கை அதிகம் வேண்டும். ஏழையே பின்னே வருகிறாள்.

வீங்கிய கையுடையவள் எதையுமே தூக்கலாகாது என்று முன்னர் வைத்தியர்கள் கட்டளையிட்டனர். அது உண்மையன்று என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. மேற்பார்வையுடன் சிறுகச் சிறுகப் பாரம் கூட்டிப் பயிற்சி செய்த பெண்களுக்கு வீக்கம் பெருகவில்லை. நோவும் தளர்வும் குறைந்தன. தோட்டத்துக்கு இதன் அர்த்தம் என்ன? சத்திர சிகிச்சை முடிந்து திரும்பும் பெண்ணை அன்றே முழுப் பறிப்புக்கு அனுப்புவதும் தவறு. இனி உனக்கு வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்புவதும் தவறு. நாற்றுமேடை, பிள்ளைமடுவம், தொழிற்சாலையின் இலகு வேலை ஆகியவற்றில் சில மாதங்கள் முழுச் சம்பளத்துடன் வைத்து, கை தேறத் தேற மலைக்கு அனுப்பலாம். இதற்குக் கோடி ரூபா வேண்டாம். சம்பளப் பேச்சு நடக்கும் மேசையிலே ஒரு வரி எழுதினால் போதும். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்; அம்மேசையைச் சுற்றி அமர்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள். அந்த வரி இதுவரை எழுதப்படாததற்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

பாஷைப் பிரச்சினையைச் சொல்லாமல் இப்பத்திரிகையில் எந்தக் கட்டுரையும் நிறைவதில்லை என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. செய்யட்டும். சத்திர சிகிச்சையின் பின், அகற்றிய கணுக்களைச் சோதித்து ஒரு பத்திரம் தருகிறார்கள். அதிலே ஒரு பின்னம் இருக்கும்: பதினான்கில் பூச்சியம், அல்லது பதினாறில் மூன்று. எடுத்தது இத்தனை, நோய் இருந்தது இத்தனை என்பது அதன் பொருள். ஒரு பெண்ணின் வருங்காலம் முழுவதும் அந்தப் பின்னத்தில் தொங்குகிறது. அவள் எந்த மருந்தை எத்தனை காலம் பெற வேண்டும் என்பதற்கும் அதுவே ஆதாரம். பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாய்மொழியாகக் கிடைக்கும் விளக்கம் பல வேளைகளில் சிங்களத்தில் இருக்கிறது. அவளோ தமிழ் மட்டும் அறிந்தவள். 1987இல் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று என்று சட்டப் புத்தகத்திலே படிக்கிறோம். தன் உடலைப் பற்றிய எண்ணைத் தன் பாஷையில் அறியும் உரிமை அந்த மொழிச் சட்டத்தில் அடங்காதா? 'ஐந்தாண்டு நாள்தோறும் ஒரு வில்லை. நோய் இல்லையென்று தோன்றினாலும் நிறுத்தாதே' என்னும் ஒரே வாக்கியத்தைத் தமிழிலே அச்சிட்டுக் கொடுத்தால் எத்தனையோ பேர் நடுவழியில் மருந்தை விட மாட்டார்கள். இரண்டு ரூபாக் காகிதம் செய்யும் வேலை இது.

மறுபக்கம் ஓர் ஆட்சேபம் எழும். கதிர்ப்படம் எடுக்கும் பெருங்கருவியில்லாமல் மலைநாட்டில் நோயை எவ்வாறு முன்னதாகக் கண்டுபிடிப்பது என்பர் சிலர். இதற்கு விடை பம்பாயில் இருக்கிறது. டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் அந்நகரின் சேரிகளில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாரின் மார்பைப் பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கொரு முறை கையாலேயே பரிசோதித்தனர். கருவி ஏதுமில்லை, கையும் பயிற்சியுமே கருவி. இருபதாண்டு கழித்து 2021இல் முடிவு வெளியாயிற்று. நோய் முற்றுமுன்னரே கண்டுபிடிக்கப்பட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடையே இந்நோயால் இறப்பது ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் அவ்வாறு குறையவில்லை என்பதையும் மறையாது சொல்லி விடுகிறோம். ஆயினும் பம்பாய்ச் சேரியில் இயன்றது டயகமவின் லயத்தில் இயலாது என்பார் யார்?

நம் நாட்டிலும் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. 1996 முதல் 'வெல் வுமன் கிளினிக்' என்னும் பெயரில் முப்பத்தைந்து வயதுப் பெண்களைப் பரிசோதிக்கும் நிலையங்கள் நடக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையும் குடும்பநல உத்தியோகத்தரும் அவற்றை நடத்துகின்றனர். மார்பையும் கருப்பைக் கழுத்தையும் இலவசமாகவே பார்க்கிறார்கள். வேலை நாளின் முற்பகலில் கிளினிக் வைத்தால் கொழுந்துக்காரி எப்படி வருவாள்? பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்த பின் அவளை அங்கு அனுப்பி, அந்த நாளை வேலை நாளாகவே கணக்கிடட்டும். பரிசோதிப்பவர் தமிழ் பேசும் பெண்ணாக இருக்கட்டும். ஆண் உத்தியோகத்தர் முன் மார்பைத் திறக்க நமது பெண்கள் கூசுவது குற்றமன்று. அந்தக் கூச்சத்தை அறிந்து ஏற்பாடு செய்யாததே குற்றம்.

நமது தலைவர்களுக்குச் சுகாதாரம் என்றால் அடிக்கல்லும் திறப்புவிழாவும் நினைவுக்கு வரும். 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் மோடி வந்து டிக்கோயாவில் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலையைத் திறந்து வைத்தார். நல்ல காரியந்தான், கட்டடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கட்டடத்தின் வாசலுக்கு ஒருத்தி வந்து சேர எடுத்த மாதங்களை அளக்க ஒரு கோல் வேண்டாமா? உலக சுகாதார நிறுவனம் அத்தகைய கோலைக் கொடுத்தது. நோயுற்றோரில் நூற்றுக்கு அறுபது பேராவது முதலிரு கட்டங்களிலேயே கண்டறியப்பட வேண்டும்; வைத்தியரை முதலில் கண்ட நாளிலிருந்து அறுபது நாளுக்குள் நோய் உறுதி செய்யப்பட வேண்டும்; நூற்றுக்கு எண்பது பேர் சிகிச்சையை முழுவதும் முடிக்க வேண்டும். மூன்று எண்கள், எவரும் நினைவில் வைக்கலாம்.

சுகாதார அமைச்சும் மத்திய மாகாணத்து அதிகாரிகளும் நுவரெலியா மாவட்டத் தோட்டப்பகுதிக்கு இம்மூன்று எண்களையும் ஆண்டுதோறும் தனியாக வெளியிட வேண்டுமென்று கேட்கிறோம். தீவு முழுவதையும் சேர்த்துச் சராசரி காட்டினால் டயகம அதற்குள் மறைந்து விடும். அவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்க்கட்டும்: சத்திர சிகிச்சைக்கு வந்த தோட்டப் பெண்களுள் எத்தனை பேரின் கணு தூய்மையாக இருந்தது என்பது. நோயியல் ஆய்வுகூடத்தின் ஏடுகளில் அந்த எண் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு நேரேயும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கூட்டிப் பார்க்க ஓர் எழுதுவினைஞரும் சில நாள் உழைப்பும் போதும். நாட்டுக்கு மருந்துத் தட்டுப்பாடு வந்த 2022ஆம் ஆண்டிலே பணமில்லை என்ற சமாதானத்தை ஏற்றுக்கொண்டோம். கூட்டல் கணக்குக்கு அந்நியச் செலாவணி தேவையில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் மலையகத்துப் பிரதிநிதிகளில் ஒருவராவது எழுந்து இக்கேள்வியைக் கேட்பாரா என்று பார்த்திருக்கிறோம். கேட்டால் மந்திரியாரின் பதிலை எண்களுடன் இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.